பெயர் வெட்டிய சாமான்கள்

சென்ற தை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, எங்கள் அப்பத்தாவின் அறையில் இருந்த 31 சாமான்கள் பழைய வேட்டிகளில் சுற்றப்பட்டு, ஒரு சிறிய வேனில் ஏறி, காரைக்குடிக்கு அப்பால் உள்ள வேறோர் ஊரின் வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டாருக்கும் எங்களுக்கும் உறவில்லை. கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. அந்த வீடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, மூன்றாம் கட்டு இடிந்து விழுந்த பிறகு, அதன் பங்காளிகள் ஒருவழியாக ஒன்றுகூடி அதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அறக்கட்டளை அதைப் பழையபடி புதுப்பித்து, செட்டிநாட்டு வீடொன்றில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை வருகிறவர்கள் பார்த்தறியும் இல்லமாகத் திறக்க முனைந்தது. அப்போது வீடு இருந்தது. வீட்டுக்குள் வைப்பதற்கு ஒரு கரண்டிகூட இருக்கவில்லை.

அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வீடுகள் இடிவதற்கு முன்பே காலியாகிவிடும். முதலில் வெள்ளிச் சாமான்கள் போகும்; பிறகு பித்தளையும் எனாமல் பூசிய மங்குச் சாமான்களும் போகும்; பிறகு பெட்டகங்களும் ரவி வர்மா அச்சுப் படங்களும் போகும்; கடைசியில் நிலையையும் கதவையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் கழற்றி விற்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒரு பிற்பகல் முழுவதும் நடந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே ஒரு வீட்டின் கதவுக்கு மேல் இன்னொரு வீட்டின் குத்துவிளக்கும், அதற்கு மேல் மூன்றாம் வீட்டுத் தாத்தாவின் புகைப்படமும் அடுக்கப்பட்டிருக்கும். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 12 பங்காளிகளுக்குச் சொந்தமான ஓட்டு வீட்டைப் பராமரிப்பதற்கு என்ன செலவாகும் என்பது, அதற்குப் பங்குப் பணம் கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

புதுப்பித்த வீட்டை நான் முதன்முதலாகப் பார்த்தபோது கொத்தனார்கள் முகப்புச் சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசி, மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, கண்ணாடிபோல வழவழப்பு வரும்வரை தேய்க்கும் அந்தப் பழைய முறையை அறிந்தவர்கள் இப்போது மிகச் சிலரே. தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல் புதிதாக வார்க்கப்பட்டு வந்திருந்தது. வளவு எனப்படும் உள்கட்டின் நடு முற்றத்தில் நின்று நான்கு பக்கமும் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அது பந்தல் போட்டு முடித்து, சம்பந்தி வீட்டார் இன்னும் வந்து சேராத கல்யாண வீடுபோல இருந்தது. அந்த நிமிடத்தில்தான் அப்பத்தாவின் அறைச் சாவி என் நினைவுக்கு வந்தது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தூண்களைப் பற்றியும் இத்தாலியச் சலவைக்கல்லைப் பற்றியும் எழுதுகிறார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளைப் பற்றி எழுதுவதில்லை. காரணம் எளிது. அந்த அறைகள் சிறியவை, இருட்டானவை; படத்துக்கு அழகாக வராது. ஆனால் வீட்டின் கணக்கு முழுவதும் அந்த அறைகளில்தான் இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது வழக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குரிய அறையில், மருமகளாக வந்தவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்கள் வைக்கப்படும். வீடும் முகப்பும் வெளித்திண்ணையும் ஆண்வழியில் வரும் பங்கு. அறைக்குள் பூட்டியிருப்பதோ பெண்வழியில் வரும் சீர். எங்கள் குடும்ப வழக்கப்படி ஒரு தாயின் சாமான் அவளுடைய மகளுக்குத்தான் போகும், மகனுக்குப் போகாது. சாவியும் அவள் இடுப்பில்தான் இருக்கும். முகப்பில் மாட்டியுள்ள ஐயாக்களின் (தாத்தாக்களின்) படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தப் பாதி தெரியவே தெரியாது.

அது யாருடைய சாமான் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பெயர் வெட்டினார்கள். அண்டாவிலும் தவலையிலும் சருவத்திலும், சின்ன உழக்கில்கூட, விளிம்புக்குச் சற்றுக் கீழே உளியால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்துகள் இருக்கும். இப்போது பாத்திரக் கடையில் மின்கருவியால் நொடியில் கிறுக்கித் தருகிறார்களே, அதுபோன்றதல்ல அது. கல்யாணம் வீட்டிலேயே நடந்த காலத்தில், நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பல வேளை பந்தி போட்ட காலத்தில், ஒரு வீட்டுப் பாத்திரம் மட்டும் போதாது; தெருவே இரவல் கொடுக்கும். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை அவரவர் வீட்டுக்குப் பிரித்து அனுப்ப வேண்டுமானால் பெயர் வேண்டும். அப்பத்தாவின் சாமான்களில் முதலில் அவர் தகப்பனார் வீட்டு விலாசத்தின் எழுத்துகளும், அவற்றை அடுத்து அவர் பெயரின் முதலெழுத்தான ‘உ’வும் இருந்தன. கணவர் வீட்டு எழுத்து ஒன்றிலும் இல்லை. எழுபது ஆண்டு எங்கள் வீட்டில் வாழ்ந்தவருடைய சாமான்கள், கடைசிவரை தங்கள் பிறந்த வீட்டு விலாசத்தையே தாங்கிக்கொண்டிருந்தன.

கொடுக்கலாம் என்று நான் பேச்செடுத்ததும் பங்காளிகள் கூடினார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள்; சிலர் எடை போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள்; என் பெரியப்பா மகன் ஒருவர், எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை என்று ஒரு தாளில் 12 பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அப்பச்சியின் (எங்கள் அப்பாவின்) தங்கை, நாங்கள் அயித்தை என்று அழைப்பவர், இப்போது 91 வயதில் மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னபோது சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எங்காத்தா சாமானை என்னயக் கேக்காம யாரு குடுக்குறது?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். வழக்கப்படி அந்த 31 சாமான்களில் ஒன்றுகூட அந்த 12 பேருக்குச் சொந்தமில்லை. அப்பத்தா காலமானபோது அயித்தை பாதிச் சாமான்களை எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த விசேஷத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். நகரத்து வீட்டில் ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கக்கூடிய அண்டாவை எங்கே வைப்பது? அடுத்த விசேஷங்கள் எல்லாம் மண்டபங்களில் நடந்தன. பாத்திரம் சமையல்காரரோடு வந்தது. இப்படியே நாற்பது ஆண்டு போய்விட்டது. கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நானும் என் ஆச்சியும் (எங்களில் அக்காளை ஆச்சி என்றுதான் சொல்வோம்) மதுரைக்குப் போனோம்.

மூன்று மாலைகள் அயித்தை பேசினார். நாங்கள் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் குறித்துக்கொண்டோம். மங்குச் சாமான் என்று நாங்கள் சொல்லும் எனாமல் தூக்குகளின் அடியில் ஸ்வீடன் என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கும். அவற்றில் நீல விளிம்பு வைத்த நான்கடுக்குத் தூக்கு கல்யாணத்துக்கு வாங்கியதல்ல, மூத்த பிள்ளை பிறந்தபோது வந்தது என்றார். மணி கோத்து ஓரம் தைத்த பனையோலைக் கொட்டான்கள் ஐந்தும் அப்பத்தாவின் ஆத்தா கையால் முடைந்தவை. கறுப்பும் சிவப்புமாக உள்ள வெற்றிலைப் பெட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. மூங்கிலைச் சன்னமாகப் பின்னி, அதன்மேல் மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசி உலர்த்திச் செய்யும் பர்மா வேலை அது. ஐயா ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கட்டடம்) இருந்தபோது வாங்கி அனுப்பியது.

பர்மாவைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வீட்டுச் சாமான் எதைப் பற்றியும் சொல்ல முடியாது. இனிப்பான பகுதியை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நேர்மையல்ல. 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாகவும், அவற்றின் மூலதனம் 75 கோடி ரூபாய் என்றும் அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் நெல் நிலங்களில் செட்டியார்களிடம் இருந்த பங்கு ஏறக்குறைய 6 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளுக்குள் 25 சதவீதமாக உயர்ந்தது. அந்த மண்ணின் மக்களுக்கு அதனால் ஏற்பட்ட கசப்பையும் சேர்த்துத்தான் அந்த வெற்றிலைப் பெட்டி எங்கள் அறையில் இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். அதன் பிறகு வந்த மாதங்களில் ஐயா மற்றவர்களோடு மலைவழியாக நடந்தே திரும்பினார். கிட்டங்கிப் பேரேடுகள் அங்கேயே போயின. பெட்டி முன்பே வந்துவிட்டிருந்ததால் தப்பியது. “உங்க ஐயா திரும்பி வந்த அன்னைக்கும் ஆத்தா இதுலதான் வெத்தலை மடிச்சுக் குடுத்துச்சு” என்றார் அயித்தை. மூன்றாம் நாள் மாலை, எழுதி வைத்திருந்த தாளை ஆச்சி வாசித்துக் காட்ட, முழுவதையும் கேட்டுவிட்டு நடுங்கும் கையால் கையெழுத்திட்டார்.

சட்டத்தைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு, நிலம் ஆகியவற்றைத் தானமாகக் கொடுத்தால் பத்திரம் பதிவு செய்தே ஆக வேண்டும்; அசையும் பொருள்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கொடுப்பதாகச் சொல்லிக் கையில் ஒப்படைத்தாலே 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி தானம் நிறைவேறிவிடும். ஆனாலும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களும், மதிப்புடைய கையெழுத்துச் சுவடிகளானால் 75 ஆண்டுக்குக் குறையாதவையும், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை நம் விருப்பப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்களிடம் அப்படி ஒரு சுவடி இருந்தது: அப்பத்தாவின் கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு எழுதிய இசைகுடிமானம். இரவலாகக் கொடுப்பதா, தானமாகக் கொடுப்பதா என்று நீண்ட நாள் யோசித்தோம். இரவல் என்றால் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குள் யார் போய்த் திருப்பிக் கேட்பது என்ற தகராறு வரும். எனவே தானம் என்றே எழுதினோம், ஒரே ஒரு நிபந்தனையோடு. எந்தப் பொருளையும் விற்கக் கூடாது. வேண்டாம் என்று எண்ணினால் அயித்தையின் மகள்வழியில் உள்ளவர்களுக்கே திருப்பித் தர வேண்டும்.

அந்த இல்லத்தின் பொருள்களைக் கவனிக்கும் பெண்மணிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வேன் வந்த முதல் நாளே அவரிடம் நான் திட்டு வாங்கினேன். பழைய பாத்திரத்தை அப்படியே அனுப்புவது மரியாதை இல்லை என்று எண்ணி, அனுப்புவதற்கு முந்தைய வாரம் நான்கு சருவங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மின்ன வைத்திருந்தேன். அவர் உருப்பெருக்கியை என் கையில் கொடுத்து, தேய்த்த சருவத்தையும் தேய்க்காத சருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தேய்க்காததில் ஒவ்வொரு புள்ளியும் குழிவாக, ஓரம் கூர்மையாக இருந்தது. நான் தேய்த்ததில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததோடு நான் தேய்த்ததும் சேர்ந்துகொண்டது. இனி அந்த வீட்டில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க மாட்டார்கள். மென்துணியால் தூசி தட்டுவதோடு சரி. உள்ளே பூசியிருந்த ஈயம் அங்கங்கே போயிருந்தது. அதையும் புதிதாகப் பூச வேண்டாம் என்றார். ஆண்டுக்கொரு முறை ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வந்து கொல்லையில் உட்கார்ந்த நாள்களின் அடையாளம் அது. ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, அதை வெளிச்சம் படாத பெட்டியில் வைத்துவிட்டு, பார்வைக்கு அதன் நகலை மட்டும் வைத்தார்கள்.

மற்ற எல்லாவற்றிலும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்ட நான், ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பொருள்களுக்குக் கீழே வைக்கும் அட்டையில் முதலில் அவர்கள் எழுதியிருந்தது இது: ‘பித்தளைச் சருவம், செட்டிநாடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.’ தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த அட்டையை எந்தச் சருவத்துக்குக் கீழும் வைக்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கி வந்த சருவத்துக்கும் இதே அட்டை பொருந்தும் என்றால், மூன்று மாலைகள் ஓர் அம்மா மூச்சு வாங்க வாங்கப் பேசியது எதற்காக? யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதை எழுதுங்கள் என்றேன். பார்க்க வருகிறவர்கள் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள் என்றார்கள். படிக்காதவர்கள் படிக்க வேண்டாம் என்றேன். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு முதல் இயங்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீட்டுக்குள் நின்றபோதும் எனக்கு இந்த எண்ணம் வந்ததுண்டு. தூணையும் சுவரையும் இவ்வளவு அக்கறையாகக் காத்திருக்கிறார்களே, இந்த அறையின் சாவியை இடுப்பில் செருகியிருந்தவர் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று. கடைசியில் ஆறு வரிக்கு உடன்பட்டார்கள். அட்டைகளில் எல்லாம் இப்போது அப்பத்தாவின் முழுப் பெயரும் அவர் தாயின் பெயரும் இருக்கின்றன. ஐயாவின் பெயர் வெற்றிலைப் பெட்டியில் மட்டும் வருகிறது.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோமா என்று கேட்கிறார்கள். இல்லை. கல்யாணத்தில் பூட்டும் தங்கக் கழுத்துரு எங்கள் தலைமுறைக்கு முன்பே உருகிப் பல கைகளுக்குப் போய்விட்டது. அரைப்படி அளக்கும் பித்தளைப் படியை நான் எடுத்துக்கொண்டேன். சென்னையில் அரிசி அளப்பது இன்றும் அதில்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அயித்தையைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். உள்ளே நுழைந்ததும் வளவையும் தூண்களையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அண்டாவின் விளிம்பில் விரலை ஓட்டி எழுத்தைத் தொட்டுப் பார்த்தார் (தொடக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கிறது, அந்தப் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்). கொட்டான்களை இப்படிக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள், ஒன்றுக்குள் ஒன்று போட்டு வைப்பார்கள் என்றார். உடனே மாற்றினார்கள். பிறகு வரிசையில் மூன்றாவதாக இருந்த சருவத்தைக் காட்டி, அதைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது நம்ம சாமான் இல்லையே” என்றார்.

நான் புளி போட்டுத் தேய்த்த நான்கில் அதுவும் ஒன்று. மழுங்கிய கடைசி எழுத்தை அப்பத்தாவின் ‘உ’ என்றே நாங்கள் எல்லாரும் படித்திருந்தோம். உருப்பெருக்கியைக் கொண்டுவந்து பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது அது ‘உ’ அல்ல, ‘சு’ என்று தெரிந்தது; அதற்கு முன்னால் ‘மீ’. அப்பத்தாவின் பிறந்த வீட்டிலோ எங்கள் வீட்டிலோ அந்த எழுத்துகள் யாருக்கும் இல்லை. ஏதோ ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கி, பந்தி முடிந்து பிரிக்கும்போது எங்கள் அடுக்கில் கலந்துவிட்டது. குறைந்தது எழுபது ஆண்டாவது ஆகியிருக்கும் என்றார் அயித்தை. இரவல் சாமானைத் தானம் கொடுக்க முடியாதே. பதிவேட்டில் 31 என்பதை அடித்து 30 என்று எழுதினார்கள். நான் ஒரு தாளில் கையெழுத்திட்டுச் சருவத்தை வாங்கிக்கொண்டேன். காரில் வரும்போது அயித்தை அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அது எங்கள் ஊர் வீட்டு முகப்பில், துணி விரித்த பலகையின் மேல் இருக்கிறது. வாய் அகலம் ஒன்றரை முழம். விளிம்பில் ஓரிடத்தில் ஒடுக்கு விழுந்திருக்கிறது. அடியில் பொத்தலை அடைத்த செம்பு ஒட்டு ஒன்று உண்டு. எழுத்து ‘மீ. சு.’ இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அப்பத்தாவாவது, ஆயாவாவது, கல்யாணத்துக்குக் கொடுத்த சருவம் திரும்பி வரவில்லை என்று எப்போதாவது சொல்லியிருந்தால், வந்து எடுத்துக்கொள்ளலாம். புளி போட்டுத் தேய்த்தது நான்தான்.